தம்பி வீடு சிங்கப்பூரில், நடுவே ஒரு நாள் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்: முதல்முறை போகிற குடும்பங்களுக்கு

புதுக்கோட்டை, தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது சிங்கப்பூரில் ஆள் இருக்கும். எங்கள் வீட்டில் என் தம்பி. "லீவுக்கு வாக்கா, வாக்கா" என்று ஆறு வருடம் கூப்பிட்டான். ஒரு மே மாதம் நான், கணவர், எட்டு வயது மகள், ஐந்து வயது மகன், என் அம்மா என்று ஐந்து பேரும் கிளம்பிவிட்டோம். அதே வாரத்தில் கோயம்புத்தூரிலிருந்து என் கல்லூரித் தோழியும் கணவர், இரண்டு பெண்பிள்ளைகளோடு சிங்கப்பூர் வருவதாகத் தெரிந்தது. செந்தோசா தீவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு மட்டும் இரண்டு குடும்பமும் சேர்ந்து போவதென்று முடிவானது.

சொந்தக்காரர் வீட்டில் தங்கி, சிநேகிதர்களோடு ஒரு நாள் தீம் பார்க் போவது கேட்க எளிதாக இருக்கும். நடைமுறையில், யார் யாரோடு போவது, யார் காசு கொடுப்பது, எந்தப் பிள்ளை எதில் ஏறலாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசவேண்டியிருக்கிறது. நாங்கள் பாதியைப் பேசினோம், மீதியை அங்கே போய்த் தெரிந்துகொண்டோம். நீங்கள் எல்லாவற்றையும் இங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் நாட்காட்டி

விமான டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையைப் பாருங்கள். அங்கே பெரிய விடுமுறைகள் இரண்டு: ஜூன் மாதத்தில் ஏறக்குறைய நான்கு வாரம், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய ஆறு வாரம். இடையில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். நம் ஊரில் ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடி ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். ஆக, மே மாதத்தின் முதல் மூன்று வாரம் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, அங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி. தீம் பார்க்குக்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது. மே முதல் தேதியையும் விசாக தின விடுமுறையையும் விட்டுவிட்டு, ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் பிள்ளைகளின் மாமா பையனுக்கோ அத்தை பெண்ணுக்கோ அன்று பள்ளி இருக்கும். எங்கள் தம்பி மகன் ஆறாம் வகுப்பு. அங்கே தொடக்கநிலை ஆறில் பெரிய தேர்வு, நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு மாதிரி வீடே அதைச் சுற்றி ஓடும். அவனை வார நாளில் லீவு போடச் சொல்வது நடக்காத காரியம். சனிக்கிழமை பார்க்குக்குப் போனால் அவனும் வரலாம், ஆனால் கூட்டம் கழுத்தை நெரிக்கும். நாங்கள் பார்க்கை வார நாளில் முடித்துக்கொண்டு, சனிக்கிழமையைத் தம்பி குடும்பத்தோடு செந்தோசாவிலேயே உள்ள பலாவான் கடற்கரைக்கு ஒதுக்கினோம். கடற்கரைக்குக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளும் ஐந்து மணி நேரம் மண்ணில் கிடந்தார்கள். எனக்குக் கேட்டால் இதுதான் சரியான ஏற்பாடு.

வந்திறங்கிய மறுநாளே பார்க் வேண்டாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஏழு என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு அது விடிகாலை நாலரை. மூன்றாம் நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவும் வருகை அட்டையும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். பயணத் தேதிக்கு முப்பது நாளுக்குள்தான் விண்ணப்பிப்பது வழக்கம். கட்டணம் முப்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிராகரித்தாலும் திரும்ப வராது. அழைக்கிற உறவினர் அங்கே குடியுரிமையோ நிரந்தரவாச உரிமையோ பெற்றவர் என்றால் தன் சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளம்) கணக்கிலிருந்தே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகப் போகவேண்டும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும்.

விசா வந்த பிறகு இன்னொன்று பாக்கி: எஸ்ஜி வருகை அட்டை. இறங்குகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். இது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்கிற சில தளங்கள் இதற்கே காசு கேட்கும். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளமோ செயலியோ தவிர வேறெங்கும் நிரப்பாதீர்கள்.

(வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர் வாயில் டாலர் வராது, வெள்ளிதான். கணக்குப் போட ஒரு வெள்ளிக்கு எழுபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. மூன்றாம் நாளுக்குப் பிறகு கணக்குப் போடுவதை நிறுத்திவிடுங்கள், நிம்மதியாகத் தண்ணீர் பாட்டில்கூட வாங்கமுடியாது.)

பெட்டியில் என்ன போகலாம், என்ன போகக்கூடாது

முறுக்கு, அதிரசம், வற்றல், மாவடு, பருப்புப்பொடி எல்லாம் சரி. ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள். கசகசா வேண்டவே வேண்டாம். அது போதைச் செடியின் விதை என்பதால் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருள். குருமாவுக்கு அரைத்துவைத்த மசாலாவில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கோழி, ஆட்டு உப்புக்கண்டம், கறித்தொக்கு எதுவும் கூடாது. சூயிங் கம் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அறவே இல்லை, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்டவேண்டும். வேப் எனப்படும் மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம்.

கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழைப்பூ எல்லாம் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் கிடைக்கும். அதனால் "அங்கே என்ன கிடைக்காது" என்று உறவினரையே கேட்டுக்கொள்ளுங்கள். என் தம்பி மனைவி கேட்டது ஒன்றே ஒன்று, எங்கள் தெருமுனைக் கடைக் கடலைமிட்டாய். இரண்டு கிலோ வாங்கிப் போனேன். இறங்கிய அன்றிரவு அவள் பெட்டியைத் திறந்து முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை.

பார்க் நாளுக்காக மட்டும் வைத்துக்கொள்ளவேண்டியவை: ஆளுக்கொரு மெல்லிய மழைக்கோட்டு (நம் ஊரில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் ரகம் போதும்), போனை வைக்க ஜிப் பை, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஜீன்ஸ் எடுத்துப் போகாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர்கள் வீட்டில் இருக்கும்போது

பெரும்பாலோர் வீவக அடுக்குமாடி வீட்டில்தான் இருப்பார்கள். வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசாங்கம் கட்டிய வீடுகள். மூன்று படுக்கையறை என்று கேட்டுவிட்டு நம் ஊர் அளவில் கற்பனை செய்யாதீர்கள். தம்பி வீடு செங்காங்கில் பதினோராவது மாடி. ஐந்து பேர் போய் இறங்கினால் ஒரு அறை முழுக்கப் பாயும் பெட்டியும்தான். காலையில் தம்பியும் அவன் மனைவியும் எட்டு மணிக்குள் கிளம்பவேண்டும், பையன் அதற்கும் முன்னால். ஆகவே அவர்கள் கிளம்பிப் போகிறவரை குளியலறைப் பக்கம் தலைவைக்காதீர்கள். இது ஒன்றைச் செய்தாலே நீங்கள் நல்ல விருந்தாளி.

இரவு பத்தரைக்கு மேல் பிள்ளைகளை ஓடவிடக்கூடாது. கீழ்வீட்டுக்காரருக்குத் தலைமேல் இடிக்கும். குப்பையைக் கட்டி, சமையலறையில் உள்ள குப்பைக் குழாய் வாயில் போட்டால் கீழே போய்விடும். சில புதிய வீடுகளில் அந்த வாய் வெளி நடைபாதையில் இருக்கும். ஜன்னல் வழியாக ஒரு காகிதத்தைக்கூட விடக்கூடாது, பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம். என் அம்மா கடைசிவரை நம்பவில்லை, காய்ச்சித்தான் குடித்தார்.

காலையில் எதிர்ப்படுகிற பெரியவர்கள் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள். முதல்தடவை என் கணவர், "இன்னும் பசிக்கலைங்க" என்று பதில் சொல்லிவைத்தார்.

இனி முக்கியமான விஷயம். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு விடுப்பு என்பது எண்ணி வைத்த பணம். சட்டப்படி முதல் வருடத்தில் குறைந்தது ஏழு நாள்தான், சில நிறுவனங்கள் கூடுதலாகத் தரும். ஊரிலிருந்து ஒவ்வொரு உறவினர் வரும்போதும் அவர்களைச் செந்தோசா அழைத்துப் போவதிலேயே அந்த விடுப்பு கரைந்துவிடுகிறது. தம்பி யுனிவர்சலை நாலு தடவை பார்த்துவிட்டான். ஐந்தாவது தடவையும் வரத் தயாராக இருந்தான், டிக்கெட்டையும் தானே எடுப்பதாகச் சொன்னான். "நீ வரவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போ, அது போதும்" என்றேன். போனில் ஒரு நொடி மௌனம். "சரிக்கா" என்று அவன் சொன்ன குரலில் பெரிய மூட்டை இறங்கிய சத்தம் கேட்டது.

பார்க் டிக்கெட்டை ஊரிலேயே, உங்கள் காசிலேயே எடுத்துவிடுங்கள். அங்கே போய் நின்றால் அவர்கள் விடமாட்டார்கள், கவுண்டர் முன்னால் இழுபறி நடக்கும்.

கூட வருகிற சிநேகிதரை உறவினர் வீட்டில் தங்கவைக்கலாமா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். தோழி லிட்டில் இந்தியா பக்கம் அறை எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குத் தம்பி மனைவி தானாகவே அவர்களை அழைத்தாள். அந்த அளவு போதும்.

டிக்கெட்டுக்கு முன் அளவுநாடா

பார்க்கில் பிள்ளைகளின் வயதை யாரும் கேட்கப்போவதில்லை, உயரத்தைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு சவாரி வாசலிலும் கோடு போட்ட பலகை இருக்கும். நினைவில் வைக்கவேண்டிய எண்கள் நாலு: டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102 செ.மீ., ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரி 107 செ.மீ., மம்மி ரோலர் கோஸ்டர் 122 செ.மீ., பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டர் 125 செ.மீ. மாற்றம் ஏதும் உண்டா என்று பயணத்துக்கு முதல் வாரம் பார்க்கின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காக எந்தச் சவாரி எந்தத் தேதியில் மூடியிருக்கும் என்பதும் அங்கேயே இருக்கும்.

நாங்கள் அளந்தோம், ஆனால் தப்பாக அளந்தோம். மகளை ஷூவோடு நிலைப்படியில் நிறுத்தி, தலையில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டோம். 122 சரியாக வந்தது. தலைமுடியை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அங்கே மம்மி வாசலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே முடியை மெல்ல அமுக்கினார், பலகைக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி. இரண்டு நாளாக "நான் மம்மி போவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், அது அழுவதைவிட மோசம். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை, வாதாடவும் கூடாது. இருக்கைப் பிடிமானம் அந்த உயரத்துக்குத்தான் செய்திருக்கிறார்கள்.

எனவே முடியை அவிழ்த்துவிட்டு அளங்கள். இரண்டு செ.மீ. குறைத்தே சொல்லிவையுங்கள். ஏறமுடியாத சவாரியின் பெயரைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள்.

அளந்த பிறகு டிக்கெட். தேதி குறிப்பிட்டுத்தான் வாங்கவேண்டும். பெரியவருக்கு எண்பது வெள்ளிக்கு மேல் ஆகும், விலை நாளுக்கு நாள் மாறும். நான்கு முதல் பன்னிரண்டு வயதுவரை சிறுவர் கட்டணம், நாலு வயதுக்குக் கீழே இலவசம், அறுபதைத் தாண்டியவர்களுக்குக் குறைவான கட்டணம் உண்டு. வரிசையைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் தனிக் காசு. மே மாத வார நாளில் அது வீண். ஜூனிலோ டிசம்பரிலோ போனால்தான் யோசிக்கலாம்.

இரண்டு குடும்பமும் அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுத்தோம். தண்ணீர், ஐஸ்கிரீம், லாக்கர், டாக்சி போன்ற சில்லறைச் செலவுக்கு ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டு ஒரு தனிப் பர்ஸ், அது தோழியின் கணவர் கையில். யார் எதற்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சே அன்று வரவில்லை.

போகும் வழி

செங்காங், பொங்கோல், சிராங்கூன், லிட்டில் இந்தியா எல்லாம் வடகிழக்கு ரயில் பாதையில் இருப்பவை. அந்தப் பாதையின் மறுமுனைதான் ஹார்பர்ஃபிரண்ட். மாறவே வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் கடைசி நிலையத்தில் இறங்கவேண்டியதுதான். இந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. பிள்ளைகளை முதல் பெட்டியின் முன்கண்ணாடி அருகே நிறுத்துங்கள், சுரங்கம் முழுக்க அவர்களுக்குக் காட்சிதான். பார்க்கில் ஏறிய சவாரிகளையும் சேர்த்து எது பிடித்தது என்று பிறகு கேட்டபோது என் மகன் இந்த ரயிலைத்தான் சொன்னான்.

நம் வங்கியின் தொடு அட்டையையே வாயிலில் தட்டிப் போகலாம், சிறு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். ஆனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்டமுடியாது. ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதென்றால் முன்பணம் போட்டுத் தட்டுகிற ஈஸி-லிங்க் பயண அட்டை வாங்கிவிடுவது நல்லது. ரயிலுக்குள் சாப்பிடவும் கூடாது, தண்ணீர் குடிக்கவும் கூடாது, அபராதம் ஐந்நூறு வெள்ளிவரை போகும்.

ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி பேரங்காடி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ். தீவுக்குள் போக நாலு வெள்ளி, திரும்பி வர இலவசம். முதல் நிறுத்தம் ரிசார்ட்ஸ் வேர்ல்டு, அங்கே இறங்குங்கள். நடக்கத் தெம்பிருந்தால் கடல்மேல் போகும் நடைபாலம் வழியாகக் காசில்லாமலும் போகலாம், ஆனால் காலை நேரத்தில் கால்களை மிச்சம் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

காரில் போவதாக இருந்தால் ஒன்று: 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அங்கே குழந்தை இருக்கை கட்டாயம். சாதாரண டாக்சிக்கு விலக்கு உண்டு. செயலியில் கூப்பிடுகிற தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை, பிள்ளையைப் பார்த்ததும் ஏற்றாமல் போய்விடலாம். டாக்சி என்று குறிப்பிட்டே கூப்பிடுங்கள்.

பார்க் பெரும்பாலும் பத்து மணிக்குத் திறக்கும். ஒன்பதரைக்கு அங்கே இருங்கள். சுழலும் பெரிய உலக உருண்டையின் முன்னால் எல்லோரும் படம் எடுக்கும் இடம் டிக்கெட் வாயிலுக்கு வெளியில்தான் இருக்கிறது. சேர்ந்து எடுக்கவேண்டிய படத்தை அங்கேயே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒன்பது பேரையும் ஒரே இடத்தில் நாங்கள் பார்த்தது மதியச் சாப்பாட்டில்தான்.

உள்ளே: பிரிந்து போங்கள்

இந்தப் பார்க் 2010-இல் திறந்தது. நடுவே ஒரு குளம், அதைச் சுற்றி வட்டமாகப் பகுதிகள். நுழைந்ததும் ஹாலிவுட், வலப்பக்கமாகப் போனால் நியூயார்க், சைஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே கோட்டை. இடப்பக்கம் 2025-இல் திறந்த மினியன் லேண்ட். வட்டமாக இருப்பதால் தொலைந்துபோக வழியில்லை. ஆனால் ஒன்பது பேர் ஒன்றாக நகர்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு சவாரிகூட முடியாது. ஒருவருக்குக் கழிப்பறை, ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குப் படம். முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு அப்படித்தான் போயிற்று. தோழியின் மூத்த பெண்தான் கடைசியில், "ஆன்ட்டி, நாங்க மட்டும் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

நாங்கள் பிரிந்த விதம் இது. தோழியின் இரண்டு பெண்களுக்கும் பதினான்கு, பன்னிரண்டு வயது. தோழியின் கணவரும் அவர்களும் ஒரு குழு: கேலக்டிகா, மம்மி என்று உயிரைக் கையில் பிடிக்கிற ரகம். நானும் கணவரும் தோழியும் என் இரண்டு பிள்ளைகளும் நடுத்தரக் குழு. அம்மாவோடு ஒருவர் மாறி மாறி. ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் கோட்டை வாசலில் சந்திப்பு. அந்தக் கோட்டை பார்க்கில் எங்கே நின்றாலும் தெரியும், எனவே "எந்த இடம்?" என்ற போன் பேச்சு இல்லை.

காலையில் முதலில் திறந்தவெளிச் சவாரிகளை முடியுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள ஒரே தந்திரம். மே மாதத்தில் சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடி மழை சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்தால் கேலக்டிகா, தண்ணீர்ச் சவாரி, தொங்கிக்கொண்டே போகிற கேனப்பி ஃபிளையர் எல்லாம் நின்றுவிடும், மழை விட்ட பிறகும் உடனே ஓடாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, செசமி ஸ்ட்ரீட் எல்லாம் கூரைக்குள் நடப்பவை. அவற்றை மழைக்கு ஒதுக்குங்கள். நாங்கள் போன அன்று இரண்டே கால் மணிக்கு வானம் கறுத்தது. மழைக்கோட்டு இல்லாதவர்கள் கடைக்கு ஓடியபோது நாங்கள் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசைக்குள் நின்றிருந்தோம். மினியன் லேண்ட் புதிது என்பதால் காலையில் கூட்டம் முதலில் அங்கேதான் சாய்கிறது, நீங்கள் வலப்பக்கம் திரும்புங்கள்.

கேலக்டிகாவுக்குப் பையோடு போகமுடியாது. பக்கத்திலேயே லாக்கர் இருக்கிறது, முதல் சிறிது நேரம் இலவசம், அப்புறம் காசு ஓடும். கீழே நிற்கப்போகிறவரிடம் பையைக் கொடுத்துவிடுவதே மேல். சில சவாரிகளில் தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு. சேர்ந்து உட்காரமுடியாது, ஆனால் வேகமாக நகரும். பெரிய பிள்ளைகளுக்கு அது தோதாக இருக்கும்.

சின்னப் பிள்ளையைத் தனியே விட்டுப் போகமுடியாத பெற்றோர் வாசலில் நிற்கிற ஊழியரிடம் கேட்டுப்பாருங்கள். ஒருவர் ஏறிவிட்டு வந்ததும் மற்றவர் திரும்ப வரிசையில் நிற்காமல் ஏற வழிசெய்து தருவார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் 104 செ.மீ. உயரத்தோடு என் மகன் எங்களோடே ஏறிவிட்டான், தண்ணீர்ச் சவாரிக்கு மூன்று செ.மீ. போதவில்லை. அப்போது நானும் கணவரும் மாறி மாறிப் போனோம், மகள் இரண்டு தடவையும் ஏறினாள். மம்மிக்கு அது ஈடாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்தத் தண்ணீர்ச் சவாரியில் நனைவது தெளித்துவிட்ட மாதிரி இருக்காது. வட்டப் படகு கடைசியில் செங்குத்தாக விழும்போது யாரோ குடம் குடமாகத் தலையில் கவிழ்த்த மாதிரி. என் கணவர் ஜீன்ஸில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் நடந்த நடையைப் பார்த்துத் தோழியின் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஈர ஜீன்ஸ் நாள் முழுக்கக் காயாது, தொடை உராய்ந்து இரவு தேங்காயெண்ணெய் தேடவேண்டிவரும். அரைக்கால் சட்டையோ மெல்லிய துணியோ போடுங்கள்.

அம்மா விஷயம். அவருக்கு அறுபத்தெட்டு, முழங்கால் வலி. வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் நினைத்தோம். "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். நுழைவாயிலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொண்டோம். பாதை எங்கும் சரிவுதளம் உண்டு, தள்ளுவது கஷ்டமில்லை. வாட்டர்வேர்ல்டு காட்சியில் படகு சீறி வருவதையும் தீ எரிவதையும் கைதட்டிப் பார்த்தார். முன்வரிசைகளில் உட்கார்ந்தால் நனைவீர்கள், மேல்வரிசைக்குப் போங்கள். செசமி ஸ்ட்ரீட் மெதுவாகப் போகிற சவாரி, முதியவர்களுக்குச் சரிப்படும். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மகனோடு ஏறியவர் இறங்கியதும், "இன்னொரு தடவை போலாமாடா?" என்றார். இதயக் கோளாறோ முதுகுத்தண்டுப் பிரச்சினையோ உள்ளவர்கள் ஒவ்வொரு வாசலிலும் உள்ள எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சாப்பாடு

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். சர்க்கரை நோயாளிக்கான பிஸ்கட், குழந்தைச் சாப்பாடு இருந்தால் பையைச் சோதிக்கும்போதே சொல்லிவிடுங்கள். காலையில் வீட்டிலேயே நன்றாகப் பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். உள்ளே ஹலால் கிடைக்கும். சைவத்துக்குத் தேடவேண்டும், விலையும் அதிகம். கையில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்துக் கடைகளில் சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்ப நுழையலாம். பன்னிரண்டு மணிக்கு முன்னாலோ இரண்டு மணிக்குப் பின்னாலோ போனால் இடம் கிடைக்கும். பாட்டிலில் தண்ணீர் நிரப்ப உள்ளேயே குடிநீர்க் குழாய்கள் உண்டு.

மாலை

மூடும் நேரம் நாளுக்கு நாள் மாறும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவையுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் வரிசைகள் சுருங்கிவிடும். காலையில் ஐம்பது நிமிடம் காட்டிய சவாரியில் அப்போது பத்து நிமிடத்தில் ஏறிவிட்டார்கள் தோழியின் பெண்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்குள் கண் சொக்கிவிடும். இரண்டு குழுவும் ஒன்றாகத் திரும்பவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நாங்கள் ஐந்தரைக்கே கிளம்பினோம், அவர்கள் மூடுகிறவரை இருந்தார்கள். பிரியும்போது பொதுப் பர்ஸில் பதினேழு வெள்ளி மிச்சம். அதை அப்படியே பெண்கள் கையில் கொடுத்தோம், அவர்கள் அன்றிரவே தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

திரும்பும் வழியில் விவோசிட்டியில் ஏதாவது வாங்கிக்கொண்டு போனால் உறவினர் வீட்டில் அன்றைக்குச் சமையல் வேலை மிச்சம். போன் செய்து முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பதினோராவது மாடியில் ஒரு முழுச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குப் போனதும் ஈரத்துணியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கம்பில் காயப்போடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். கம்பைக் கவ்வியில் மாட்டுவதில் ஒரு பழக்கம் வேண்டும், பதினோராவது மாடியிலிருந்து விழுந்தால் துணி மட்டும் போகாது. ஷூ ஈரமாக இருந்தால் வெயிலை நம்பாதீர்கள், அந்த ஊர்க் காற்றில் இரண்டு நாளானாலும் காயாது. செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்குக் கீழே கவிழ்த்து வையுங்கள். தம்பி வீட்டில் பழைய தமிழ் முரசு ஒரு கட்டு இருந்தது. ஐந்து ஜோடிக்கும் அதுவே போதுமாக இருந்தது.